முல்லைக்கொடியும் முப்பதடி ரோடும்

"ஏன்னா, பால் வாங்கப் போனேளா, பால்காரனோட குடித்தனம் நடத்தப் போனேளா? டிகாஷன் ஆறிப் பச்சைத் தண்ணியாயாச்சு!"

ஜலஜா வாசலுக்கே வந்து குரல் கொடுத்தும் பத்ரிநாராயணன் திரும்பவில்லை. கையில் பால் பாக்கெட்டோடு எதிர்த்த காலி மனையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். பாக்கெட்டிலிருந்து சொட்டிய ஈரம் வேட்டியை நனைத்துக்கொண்டிருந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை.

ஜலஜா கிட்டே வந்து பார்த்தாள். நேற்றுவரை வேலிக்கருவையும் தெருக் குப்பையும் மட்டும் இருந்த மனையில் பெரிய போர்டு ஒன்று முளைத்திருந்தது. போர்டில் ஐந்து மாடிக் கட்டடம். அதன் முன்னால் நீச்சல் குளம். குளத்தோரம் ஒரு வெள்ளைக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஜூஸ் குடித்துக்கொண்டிருந்தார். 'ஹெவன்லி மேன்ஷன்ஸ் - விரைவில்!' என்று மேலே எழுதியிருந்தது.

"இந்த மனையில அந்த வெள்ளைக்காரன் காலை நீட்டிப் படுத்தா, தலை நம்மாத்து வாசல்ல இருக்கும்" என்றாள் ஜலஜா.

பத்ரி சிரிக்கவில்லை. "வெள்ளைக்காரனை விடு. அஞ்சு மாடி எழும்பிடுத்துன்னா சூரியன் எந்தப் பக்கமா வருவார்? முல்லை என்ன ஆகும்?"

அந்த முல்லையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பத்ரி மத்திய அரசின் பாதுகாப்பு நிறுவனம் ஒன்றில் விஜிலன்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நம்பாமல் இருப்பதற்காகவே சம்பளம் வாங்கியவர். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஜலஜாவிடம் "சமையல் நன்னா இருக்கு" என்றுகூட ஒரு தரம் சொன்னதில்லை. ஆனால் செகந்திராபாத் லோத்குண்டாவில் வீடு கட்டிக் குடிவந்ததும் காம்பவுண்டு சுவருக்கு வெளியே, ரோட்டோரமாக ஒரு முல்லைக்கொடி நட்டார். தினமும் சாயங்காலம் அதன் மொட்டுகளைப் பறித்து ஒரு எவர்சில்வர் தட்டில் வைத்து, சமையல் மேடையில் வைத்துவிட்டு, ஒன்றும் பேசாமல் போய்விடுவார். ஜலஜாவும் ஒன்றும் பேசாமல் தொடுத்து வைத்துக்கொள்வாள். அந்த வீட்டில் காதல் என்று ஒன்று நடந்ததென்றால் அது இந்தத் தட்டின் வழியாகத்தான் நடந்தது.

முல்லை பெருகியது. அதற்குப் பந்தல் வந்தது. பந்தலுக்குத் துணையாகக் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வந்தன. ஆடு மேயாமல் இருக்க இரும்பு வேலி வந்தது. எல்லாம் ரோட்டின்மேல்தான். ரோடு சும்மாதானே இருக்கிறது?

அப்படி நினைத்தது அவர் மட்டும் இல்லை. பக்கத்து வீட்டு தியோடர் காரை ஏற்ற சிமென்ட் சரிவு கட்டி, அதன் ஓரத்தில் நாய்க்கு ஒரு கூடும் கட்டியிருந்தார். கோடி வீட்டு ஸ்ரீகாந்த் தகரக் கூரை போட்டு கார் ஷெட்டே போட்டிருந்தான். வருஷத்துக்கு வருஷம் வீடுகள் எல்லாம் கொஞ்சம் தொந்தி போட, தெரு மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது. சிலிண்டர் கொண்டுவரும் ஆட்டோ உள்ளே வந்தால் பின்னாலேயேதான் வெளியே போகும்.

அன்று சாயங்காலம் தியோடர் வீட்டு ஹாலில் தெருவே கூடியது.

தியோடர் ரயில்வேயில் இருந்தவர், மூன்று தலைமுறையாகச் செகந்திராபாத். "மெட்டில்டா டீச்சர் இப்படிப் பண்ணுவாங்கன்னு நினைக்கவே இல்ல சார்" என்று ஆரம்பித்தார். "சண்டே ஸ்கூல் நடத்தின பொம்பளை! எதுக்கு இந்த வேலை?"

மெட்டில்டா டீச்சர்தான் அந்த மனையின் சொந்தக்காரி. போலாரத்தில் மகன் ஆரோனோடு இருப்பவள். எப்போதாவது வந்து மனையைப் பார்த்துவிட்டு, தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

"அவாளுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டா என்ன?" என்றாள் ஜலஜா.

கூட்டம் மொத்தமும் அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நான் பேச மாட்டேன்மா" என்றார் தியோடர். "கிறிஸ்துமஸ் பாட்டு கொயர்லேருந்து என் ஒய்ஃபை எடுத்தாங்கல்ல, அப்போலேருந்து அவங்ககூட பேச்சே இல்ல."

"யாருமே பேசக் கூடாது" என்றார் பத்ரி. "விஜிலன்ஸ்ல முதல் பாடமே அதான். யார்மேல சந்தேகமோ, அவாளைக் கடைசியாத்தான் விசாரிக்கணும். முன்னாடியே கேட்டா உஷாராயிடுவா."

ஸ்ரீகாந்த் சாப்ட்வேர் பையன். தமிழ் வீட்டில் பிறந்து தெலுங்குப் பள்ளியில் வளர்ந்தவன். அவன் போர்டிலிருந்த நம்பருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அப்படி ஒரு நம்பரே இல்லை என்று ஒரு பெண் தெலுங்கிலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மரியாதையாகச் சொன்னாள்.

"கூகுள்லயும் தேடிட்டேன் அன்கிள். இந்தப் பேர்ல கம்பெனியே லேது. வெப்சைட் லேது, ஆபீஸ் லேது, ஏமி லேது."

தியோடர் முகம் மலர்ந்தது. "அப்ப ஒண்ணும் இல்லையா?"

பத்ரியின் கண்கள் பளபளத்தன. பதினைந்து வருஷம் பேனாவும் பைலும் காணாமல் போன கேஸ்களையே பார்த்துவிட்டு ஓய்வு பெற்ற மனிதருக்கு, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரிய கேஸ் கிடைத்திருந்தது.

"தியோடர், நீங்க ரொம்ப வெகுளி. நேர்மையான கம்பெனின்னா போனை எடுப்பான். எடுக்கலைன்னா சின்னத் திருடன். நம்பரே இல்லை, ஆபீசே இல்லைன்னா எப்பேர்ப்பட்ட ஆளா இருப்பான்! எவனோ பெரிய புள்ளி பினாமி பேர்ல இறங்கியிருக்கான்."

கூட்டம் 'ஆ' என்று வாயைப் பிளந்தது. அங்கேயே, கைதட்டலோடு, பத்ரி குடியிருப்போர் போராட்டக் குழுவின் தலைவரானார். மேன்ஷன்காரனை ஒழித்துக்கட்டுவதாகச் சபதம் எடுத்துக்கொண்டு எல்லோரும் ஆளுக்கு இரண்டு வடை சாப்பிட்டார்கள்.

மறுநாள் பத்ரியும் தியோடரும் முனிசிபல் ஆபீசில் ஷர்மிளா என்ற இளம் அதிகாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கட்டட அனுமதி எல்லாம் அவள் பொறுப்பு. அவள் கம்ப்யூட்டரை இரண்டு தடவை தட்டிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் சொன்னாள்.

"அந்த மனையில் கட்டப்போகிறோம் என்று யாரும் மனு போடவே இல்லையே சார்."

பத்ரி தியோடரின் தொடையில் ஒரு தட்டு தட்டினார். "கேட்டேளா? பர்மிஷனே வாங்காம கட்டப்போறான்!"

ஷர்மிளா நல்ல பெண். வீட்டிலும் இந்த வயசில் ஒரு அப்பா இருந்திருக்க வேண்டும். பொறுமையாக விளக்கினாள். "சார், பயப்படாதீர்கள். முப்பதடிக்குக் குறைந்த ரோட்டில் ஐந்து மாடிக்கு அனுமதியே கிடையாது. உங்கள் தெருவுக்கு நான் வந்திருக்கிறேன். என் ஸ்கூட்டி திரும்பவே கஷ்டப்பட்டது. அங்கே எந்த பில்டரும் வர மாட்டான். நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள்."

தியோடர் சட்டென்று எழுந்துவிட்டார். "ஹவ், ஆமா, அவ்ளோதான் சார். மேட்டர் முடிஞ்சது. வாங்க, ஒரு டீ அடிச்சிட்டு போலாம்."

உண்மையிலேயே முடிந்துதான் போயிருந்தது. பத்ரி மட்டும் எழுந்திருந்தால் முல்லை இன்றைக்கும் பூத்துக்கொண்டிருக்கும். ஆனால் வாயால் சொன்ன வார்த்தையை நம்பி ஒரு நாற்காலியிலிருந்து எழுந்து அவருக்குப் பழக்கமில்லை.

"இதை எழுத்துல குடுங்கோ" என்றார்.

"எதை சார்?"

"எங்க ரோடு குறுகல், இதுல அஞ்சு மாடி கட்ட முடியாதுன்னு. சீல் போட்டு."

ஷர்மிளா பேனாவைக் கீழே வைத்தாள். "வேண்டாம் சார்."

"ஏன் வேண்டாம்?"

"எழுதித் தர வேண்டுமென்றால் அளக்க வேண்டும்."

"அளங்கோ!"

"அளந்தால், அளந்ததை எல்லாம் எழுத வேண்டியிருக்கும்."

"எழுதுங்கோன்னுதானே நானும் சொல்றேன்!"

தியோடருக்குத் தன் நாய்க்கூடு கண்ணில் வந்து நின்றது. பத்ரியின் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "நக்கோ சார், வேணாம். அந்தப் பொண்ணு கண்ணாலயே சொல்லுது பாருங்க."

"நீங்க சும்மா இருங்கோ. நாளைக்கு இந்தப் பொண்ணு டிரான்ஸ்பர்ல போயிடுவா. அடுத்து வர ஆள் 'யார் சொன்னா?'ன்னு கேட்பான். ரெக்கார்டுல இருந்தாத்தான் எதுவும் இருக்கு."

ஷர்மிளா பெருமூச்சு விட்டு ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். பத்ரி அழகான ஆங்கிலத்தில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டுக் கையெழுத்து வைத்தார்.

அளக்க வந்த அன்று தெருவில் திருவிழாக் கூட்டம். ஜலஜா எல்லோருக்கும் பெருங்காயம் போட்ட மோர் கொடுத்தாள். டேப் பிடிக்கிற ஆள் பத்ரியின் முல்லை வேலியில் ஒரு முனையை வைத்து, மறுமுனையை எதிர்த்த மனைவரை இழுத்தான்.

"பத்தொன்பது அடி!" என்று பத்ரி அவனுக்கு முந்திக்கொண்டு கத்தினார். தெரு கைதட்டியது. "எழுதிக்கோங்கோம்மா, பத்தொன்பது!"

ஷர்மிளா எழுதிக்கொண்டாள். பிறகு பழைய லே-அவுட் படத்தைக் கார் பானெட்டின் மேல் விரித்தாள்.

"படத்தில் இந்த ரோடு முப்பதடி சார். மீதிப் பதினோரு அடி எங்கே?"

தியோடர் நைசாக நகர்ந்து நாய்க்கூட்டை மறைத்தாற்போல் நின்றுகொண்டார். உள்ளேயிருந்த நாய் அது புரியாமல் வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. எத்தனையோ பேரை உட்காரவைத்து 'எங்கே போச்சு?' என்று கேட்டவர் பத்ரி. அதே கேள்வி இப்போது அவர்மேலேயே விழுந்தது.

ஆனாலும் சமாளித்தார். "உங்க மேப் தப்பு. மனை பிரிச்சப்போ எல்லைக்கல் நட்டா. கல் பொய் சொல்லாது. அதுலேர்ந்து அளங்கோ."

"அன்கிள், ப்ளீஸ்..." என்றான் ஸ்ரீகாந்த்.

"இருப்பா. நமக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்தக் கல்தான்."

தெருவே கல்லைத் தேடியது. மனைப் பக்கம் தேடினார்கள், இல்லை. சாக்கடை ஓரம் தோண்டினார்கள், இல்லை. முல்லை வேலிக்கு அடியிலும் இல்லை. மோர் டம்ளர்களை எடுக்க வந்த ஜலஜா, "என்ன கல்லுன்னா தேடறேள்? நம்பர் செதுக்கியிருக்குமே, அதுவா?" என்றாள்.

"நீ பார்த்தியா?" என்று பத்ரி குதித்தார்.

"தினமும் பாக்கறேனே. உள்ளே குழாயடியில புதைஞ்சு நிக்கறதே. அதுலதானே தேங்கா உடைக்கறேன்!"

கேட்டைத் திறந்து எல்லோரும் உள்ளே போனார்கள். காம்பவுண்டு சுவருக்கு உள்ளே, குழாயடியில், தேங்காய்த் தண்ணீர் குடித்தே கறுத்துப்போன கல் ஒன்று கம்பீரமாக நின்றிருந்தது. ஷர்மிளா குனிந்து நம்பரைத் துடைத்துப் பார்த்தாள். பிறகு மிகுந்த வருத்தத்தோடு நிமிர்ந்தாள்.

"சார், நீங்கள் கேட்காமல் இருந்தால் செடியோடு போயிருக்கும். இப்போது சுவரும் ரோட்டில்தான் இருக்கிறது என்று எழுத வேண்டியிருக்கிறது."

அந்த வாரக் கடைசிக்குள் எல்லா வீட்டுக் கதவிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். போராட்டக் குழு தன் தலைவருக்கு எதிராகப் போராட ஆரம்பித்தது. தியோடர் காலையில் நாயோடு எதிரே வந்தால் வானத்தைப் பார்த்தார். ஒரே ஒரு நாள் மட்டும் நின்று, "நக்கோன்னேனா இல்லையா சார்?" என்று கேட்டுவிட்டுப் போனார். ஸ்ரீகாந்த் பத்ரியை வாட்ஸாப் குழுவிலிருந்து நீக்கினான். நீக்குவதற்கு முன் அவரை 'அன்கிள்' என்று போடாமல் 'மிஸ்டர் பத்ரிநாராயணன்' என்று போட்டிருந்தான். அதுதான் அவருக்கு அதிகமாக வலித்தது.

ஜேசிபி வந்தது. முதலில் கார் ஷெட்டின் தகரம் போயிற்று. பிறகு நாய்க்கூடு. பிறகு பத்ரியின் இரும்பு வேலி, செம்பருத்தி, கறிவேப்பிலை. முல்லைப் பந்தல் சரிந்தபோது, மறுநாள் பூக்க வேண்டிய மொட்டுகள் மண்ணில் கொட்டின. பத்ரி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிப்போய் அவற்றைப் பொறுக்கினார். ஜேசிபி ஓட்டுகிறவன் அவர் நகரும்வரை இயந்திரத்தை நிறுத்திவைத்தான். அவர் நகர்ந்ததும் சுவரும் போயிற்று.

அன்று சாயங்காலம் அவர் அந்தத் தட்டைச் சமையல் மேடையில் வைத்தபோது அதில் மண் ஒட்டிய மொட்டுகள் கொஞ்சம் இருந்தன. வைத்துவிட்டு வழக்கம்போல் போகவில்லை, அங்கேயே நின்றார். அவருக்கு அவமானமாக இருந்தது. ஜலஜாவிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தார், பழக்கமில்லாததால் வார்த்தை வரவில்லை.

ஜலஜா மொட்டுகளைக் கழுவினாள். "அந்தப் பொண்ணு போங்கோன்னு சொன்னப்பவே எழுந்து வந்திருக்கலாம்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதனால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

"போகட்டும் ஜலஜா. முல்லை போனா என்ன? மாடியில தொட்டி வெச்சு ஒரு கொடி ஏத்திடறேன். அஞ்சு மாடி வரலை பாரு, வெயிலைக் காப்பாத்திட்டேனே, அதைச் சொல்லு."

ஜலஜா நாரைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். "ஏன்னா, அந்தப் பொண்ணு என்ன சொன்னா? முப்பதடிக்குக் குறைஞ்ச ரோட்டுலதானே அஞ்சு மாடி கட்டக் கூடாது?"

"ஆமாம்."

"இப்போ நம்ம ரோடு எத்தனை அடி?"

பத்ரி வாயைத் திறந்தார். திறந்தபடியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வாரம், அந்தத் தெரு ஜன்மத்தில் பார்த்திராத அளவுக்கு நீளமான கார் ஒன்று சர்ரென்று உள்ளே வந்து, ஒரே திருப்பில் திரும்பி நின்றது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் மூவர் இறங்கி மனையைச் சுற்றிப் பார்த்தார்கள். ரோட்டை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்து மகிழ்ந்தார்கள். சுவர் இல்லாத வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பத்ரிக்கு ரத்தம் கொதித்தது. கடைசியில் அந்த மேன்ஷன்காரன் வந்தேவிட்டான்!

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து மெட்டில்டா டீச்சரே வந்தாள். ஆரோன் காரை நிறுத்தினான். டீச்சர் கையில் ஒரு கேக் டப்பாவோடு இறங்கி நேரே பத்ரியிடம் வந்தாள்.

"முட்டை போடாத கேக் சார். உங்களுக்குன்னே சொல்லிச் செய்ய வெச்சேன். ரொம்ப தேங்க்ஸ்."

பத்ரி கேக்கைத் தொடவில்லை. ஜலஜா வாசலுக்கு வந்தாள். வானத்தைப் பார்த்துக்கொண்டே தியோடரும் கிட்டே வந்து நின்றுகொண்டார். சந்தேகப்பட்ட ஆளை விசாரிக்க வேண்டிய கட்டம் ஒருவழியாக வந்துவிட்டது.

"டீச்சர், உங்களை ஒண்ணு கேக்கணும்" என்றார் பத்ரி. "தெருவுல சுவர் போச்சு, செடி போச்சு, எல்லாரும் மூஞ்சியைத் திருப்பிண்டு போறா. அந்த ஹெவன்லி மேன்ஷன்ஸ்காரனுக்கு மனையைத் தூக்கிக் குடுக்கறதுக்கு முன்னாடி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

டீச்சர் மலங்க விழித்தாள். ஆரோனைப் பார்த்தாள். ஆரோன் சிரிப்பை அடக்க முடியாமல் காருக்குப் பின்னால் போய்விட்டான்.

"அய்யோ சார், அப்படி ஒரு கம்பெனியே கிடையாது, தெருவே என் மனையில குப்பை கொட்டுதே, அதை நிறுத்தணும்னு ஆரோன் வாயில வந்த பேரும் நம்பரும் போட்டு வெச்ச ஃப்ளெக்ஸ் அது, ரோடு சின்னதுன்னு இத்தனை வருஷமா திரும்பிப் பாக்காத பில்டருங்க எல்லாம், நீங்க முப்பதடி ஆக்கிக் குடுத்த அப்புறம்தான் வீட்டுக்கு வந்து நிக்கிறாங்க!"